ஃபேபியா எஸ்டேட்டைக் கொடுத்துப் பெரிய கார் எடுக்கிறது: ஆக்டேவியாவா, சூப்பர்பா?

ஹரோவாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்களிட்ட 68 பிளேட் (2018-19 பதிவு) ஸ்கோடா ஃபேபியா எஸ்டேட், அதாவது பின்பக்கம் நீண்டு டிக்கி பெரிசான கார் ஒண்டு நிக்குது. 1.0 டிஎஸ்ஐ பெற்றோல், 110 குதிரை, ஆறு கியர் மனுவல், 52,000 மைல் ஓடியிருக்கு. கடன் ஒண்டும் இல்லை. வாற மாதத்தில இருந்து அம்மா எங்களோடயே இருக்கப் போறா. அவவுக்கு முழங்கால் ஏலாது, மடிக்கிற சக்கர நாற்காலி ஒண்டும் கூட வரும். பிள்ளைகளுக்கு வயது 6, 9. ரெண்டு பேரும் முதுகு வச்ச பூஸ்டர் சீற்றில இருக்கினம்.

ஓட்டம் எண்டு பார்த்தால் கிழமை நாளில ஏழு எட்டு மைல், பள்ளிக்கூடமும் வேலையும், எல்லாம் லண்டன் ஹரோ வெம்பிளிக்குள்ள. மூண்டு கிழமைக்கு ஒருக்கா லெஸ்டர் போவம், எம்1-ல 90 மைல் போக, 90 மைல் வர. ஆண்டுக்கு 6,000 மைல் வரும். ஆக்களும் சாமானும் நிறைய ஏறினால் மோட்டர்வே ஏற்றத்தில கியரைக் குறைச்சுக் குறைச்சுத்தான் போகுது.

பார்த்து வச்சது 2019 ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட் 2.0 டிடிஐ டீசல் 150, டிஎஸ்ஜி எண்ட தானியங்கி கியர், 61,000 மைல், £13,995. அந்த டீலர் ஃபேபியாவுக்கு £6,300 தாறன் எண்டுறார். வேற ஒரு இடத்தில கிட்டத்தட்ட அதே கார் £12,700, ஆனால் எங்கட காருக்கு £5,400 தான். ஆக்டேவியா எஸ்டேட் 1.5 பெற்றோலும் யோசனையில இருக்கு. கையால £8,000க்கு மேல போட ஏலாது. எந்தப் பக்கம் போறது?

ஸ்பானர்:

உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். காரணம் டிபிஎஃப், அதாவது டீசல் புகைவடிகட்டி. அந்தப் புகைவடிகட்டியில் சேரும் கரியை எரிக்க உள்ளே 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏற வேண்டும், அதுவும் பத்து இருபது நிமிடம் இடைவிடாமல். வெம்பிளிக்குள் மூன்றரை மைல் போய் நிறுத்துகிற காரில் எரிப்புத் தொடங்கும், பாதியில் அணைந்துவிடும். மறுநாள் திரும்பவும் தொடங்கும். ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டுக்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர்ச் சுவரால் இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டு போனால் அதுதான் அறிகுறி. மூன்று கிழமைக்கு ஒருமுறை லெஸ்டர் போவது உதவும், ஆனால் அதற்கிடையில் நூறு நூற்றைம்பது மைல் குறுகிய ஓட்டம் சேர்ந்துவிடும். லெஸ்டர் பயணம் வாராவாரம் என்றிருந்தால் இதே நான் டீசலைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்தது இழுவை. 150 குதிரை என்றதும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு சூப்பர்ப் துள்ளாது. கணக்கைப் பாருங்கள்: ஃபேபியா எஸ்டேட் சுமார் 1,180 கிலோ, 110 பிஎஸ் (குதிரைவலு). ஒரு டன்னுக்கு 93. சூப்பர்ப் எஸ்டேட் டீசல் சுமார் 1,550 கிலோ, 150 பிஎஸ். ஒரு டன்னுக்கு 97. வெறுங்காரில் வித்தியாசம் இவ்வளவுதான். ஆக்டேவியா எஸ்டேட் 1.5 சுமார் 1,330 கிலோ, அதனால் 113 வரும். ஆட்களும் பைகளுமாக 350 கிலோ ஏற்றிப் பார்த்தால் ஃபேபியா 72, சூப்பர்ப் 79, ஆக்டேவியா 89.

ஆனால் ஏற்றத்தில் கியர் குறைக்க வைப்பது முறுக்குவிசைக் (டோர்க்) குறைவு. ஃபேபியாவில் 200 நியூட்டன் மீட்டர், 1.5 டிஎஸ்ஐ-யில் 250, 2.0 டிடிஐ 150-இல் 340. எடையையும் சேர்த்துப் பார்த்தால் டீசல் சூப்பர்ப் மேல் கியரிலேயே ஏறிவிடும், பெற்றோல் ஆக்டேவியா சில இடங்களில் ஒரு கியர் இறங்கும். நீங்கள் சொன்ன குறைக்கு அந்த ஆக்டேவியாவே போதும். 2.0 டிடிஐ 190 எடுத்தால் 400 நியூட்டன் மீட்டர் கிடைக்கும், ஆனால் அந்த டிபிஎஃப் சிக்கல் அப்படியே கூட வரும்.

நெடும்பயணி:

ஹைபிரிட் பார்க்கலாமே? தினம் ஏழு எட்டு மைல் நகர ஓட்டத்துக்கு டொயோட்டா கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் நல்ல பொருத்தம். கிளட்ச் இல்லை, டர்போ இல்லை, நெரிசலில் பாதி நேரம் மோட்டாரிலேயே நகரும். 1.8 மாடல் 2019-ல் 122 பிஎஸ்தான், உங்கள் ஃபேபியாவை விடப் பெரிய வித்தியாசம் தெரியாது. 2.0 மாடலைத் தேடுங்கள், 180 அளவில் வரும். டிக்கி 1.8-ல் 596 லிட்டர், 2.0-ல் 581. டொயோட்டா சர்வீஸ் சென்டரில் வருடா வருடம் சர்வீஸ் செய்தால் பத்து வருடம் அல்லது 100,000 மைல் வரை வாரண்டியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஹைபிரிட் பேட்டரிப் பரிசோதனையும் அதே சர்வீஸில் முடிந்துவிடும். பழைய கார் வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

அளவுகோல்:

எஞ்சினுக்குப் போக முதல் ஒரு கேள்வி. இனிமேல் காரில் ஐந்து பேர். பின்சீற்றில் இரண்டு பூஸ்டருக்கு நடுவில் இருக்கப் போவது யார்?

உங்கள் சிக்கல் டிக்கி லிட்டரில் இல்லை. ஃபேபியா எஸ்டேட் டிக்கி 530 லிட்டர், அந்த அளவுக் காருக்கு அது தாராளம். முந்தின ஆக்டேவியா எஸ்டேட் 610, 2020-க்குப் பிந்தியது 640, சூப்பர்ப் 660. நூறு லிட்டர் கூடும், அவ்வளவுதான். உங்களுக்குத் தட்டுப்படுவது தோள் அகலம். முதுகு வச்ச பூஸ்டர் ஒன்று 44, 45 சென்ரிமீட்டர் பிடிக்கும். இரண்டு வைத்தால் 90. கதவுப் பக்கம் விடுகிற இடைவெளி போக ஆக்டேவியாவிலும் கொரோலாவிலும் நடுவில் மிஞ்சுவது ஒரு மெல்லிய ஆளுக்கான இடம், பெல்ற் பூட்டைத் தேடிக் கை நுழைக்கவே இடம் இராது. சூப்பர்ப் சற்று அகலம், கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் நடுவில் தரைமேடு உயரமாக எழும்பி நிற்கும், நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் காலைப் பிரித்து வைக்க வேண்டும். தொண்ணூறு மைல் அப்படி இருந்து பாருங்கள். அம்மா முன்சீற் என்றால் நடுவில் உங்கள் மனைவிதான்.

ஆகவே எஸ்டேட் என்ற சொல்லை விட்டுவிட்டு ஃபோக்ஸ்வாகன் டூரான் ஒன்றைப் போய்ப் பாருங்கள். 2015-க்குப் பிறகு வந்த உருவம். நடுவரிசையில் ஒரே அகலத்தில் மூன்று தனிச் சீற்றுகள், மூன்றிலும் ஐசோஃபிக்ஸ் (பிள்ளைச் சீற்றைப் பூட்டும் கொளுவி), ஒவ்வொன்றும் தனித்தனியாக முன்பின் நகரும். எஞ்சின்கள் ஆக்டேவியாவில் உள்ளவையே. நீளம் 4.53 மீற்றர், ஆக்டேவியா எஸ்டேட்டை விடக் குறைவு. சூப்பர்ப் எஸ்டேட் 4.86 மீற்றர், இந்த நாட்டு வழமையான தரிப்பிடக் கட்டம் 4.8 மீற்றர். கடைத் தரிப்பிடத்தில் மூக்கு வெளியே நிற்கும், பின்னால் சக்கர நாற்காலி இறக்க நிற்கிற ஆளும் ஓடுபாதையிலேயே நிற்பார்.

முழங்கால் ஏலாத அம்மாவுக்கு இன்னொரு நன்மை சீற்றின் உயரம். தாழ்ந்த சீற்றில் உட்காரும்போது உடம்பை முழங்காலால் இறக்க வேண்டும், எழும்பும்போது முழங்காலால் தூக்க வேண்டும். இருக்கை அவவின் தொடை உயரத்துக்குக் கிட்ட இருந்தால் திரும்பிச் சறுக்கி ஏறலாம். வீட்டில் அவ சுகமாக எழும்புகிற கதிரையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். காரில் நிலத்திலிருந்து சீற்றின் வெளி விளிம்பு வரை அளந்து ஒப்பிடுங்கள். ஃபேபியாவிலும் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

டூரான் பெரும்பாலும் ஏழு சீற். கடைசி வரிசையை நிமிர்த்தினால் டிக்கி 137 லிட்டர்தான், சக்கர நாற்காலிக்கு இடமே இல்லை. நீங்கள் அந்த வரிசையை எப்போதும் மடித்தே வைத்திருக்க வேண்டும். மடித்தால் தரை சமமாகும், நாற்காலியைப் படுக்க வைத்து அதற்கு மேல் பைகள் வைக்கலாம். நாற்காலியின் பெரிய சக்கரம் கழற்றக்கூடிய வகையா, அதன் மடித்த அகலம், உயரம், எடை எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கூடியமட்டும் நாற்காலியையே கொண்டு போய் ஏற்றிப் பாருங்கள். டிக்கி வாயின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம், ஒவ்வொரு நாளும் தூக்கப் போவது நீங்கள்.

ஒரு சின்ன வழி: பெரிய பிள்ளை 125 சென்ரிமீட்டரைத் தாண்டி 22 கிலோவுக்கு மேல் இருந்தால் முதுகில்லாத பூஸ்டர் போதும், அது ஒடுக்கம். 135 சென்ரிமீட்டர் அல்லது 12 வயது, எது முதல் வருகிறதோ அதுவரை பூஸ்டர் சட்டப்படி வேண்டும். முதுகு வச்சதுதான் பக்கவாட்டு மோதலில் தலையைக் காக்கும், அதனால் இடத்துக்காக மட்டும் மாற்றுவதை நான் விரும்பமாட்டேன். ஆக்டேவியாதான் என்று முடிவெடுத்தால் மட்டும் யோசியுங்கள்.

கடைசியாக, உங்கள் பக்கத்து 1930-களில் கட்டிய வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒடுங்கிய வாகன வழி இருக்கும். ஃபேபியா 1.73 மீற்றர் அகலம், டூரான் 1.83, சூப்பர்ப் 1.86. கண்ணாடிகள் இதற்கு வெளியே. வழியின் மிக ஒடுங்கிய இடத்தை அளந்த பிறகு கார் பார்க்கப் போங்கள்.

பேரேடு:

விலைப் பக்கத்தை நான் சொல்கிறேன். இரண்டு டீலரும் சொன்ன எண்களில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க வேண்டியது: உங்கள் கையிலிருந்து போகிற மிச்சம்.

முதலாவது: 13,995 இலிருந்து 6,300 கழித்தால் £7,695. இரண்டாவது: 12,700 இலிருந்து 5,400 கழித்தால் £7,300. ஃபேபியாவுக்கு £900 குறைத்துக் கேட்டவரிடம்தான் நீங்கள் £395 குறைவாகக் கொடுக்கிறீர்கள். பழைய காருக்கு நல்ல விலை என்பது பெரும்பாலும் புதுக் காரின் விலைக்குள் ஒளித்து வைத்த தள்ளுபடி. வேறு கார் தேடினாலும் இதே முறைதான். ‘என் காரைக் கொடுத்தால் நான் மேலதிகமாக மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்’ என்று கேட்டு, நிர்வாகக் கட்டணம் என்று கடைசியில் போடுவதையும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அந்த மிச்சத்துக்குள் என்ன அடங்குகிறது என்பதும் விலைதான்: புது எம்ஓடி (ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சட்டப்படியான வாகனச் சோதனை), சர்வீஸ், இரண்டு திறப்பு, ரயர் மிச்ச ஆழம், எத்தனை மாத உத்தரவாதம்.

மூன்றாவது எண் ஒன்றும் கையில் வைத்திருங்கள். ஃபேபியாவை மட்டும் தனியாக விற்றால் என்ன வரும்? இணையத்தில் கார் வாங்குகிற இரண்டு மூன்று இடங்களில் இலக்கத்தையும் மைலையும் போட்டால் விலை வரும். அது நேரில் பார்த்த பின் குறையும். கீறல், அலோய் சக்கரக் கீறல், இரண்டாவது திறப்பு இல்லாமை, சர்வீஸ் பதிவில் இடைவெளி, இவற்றுக்குக் கழிப்பார்கள். உள்ள குறைகளை நீங்களே முதலில் சரியாகப் பதிந்தால் நேரில் கழிக்க அவர்களுக்குக் காரணம் குறைவு. அந்த எண் டீலரின் எண்ணை விடக் கணிசமாகக் கூட வந்தால் தனியாக விற்றுவிட்டு, காசோடு போய் வாங்குங்கள். ஐம்பது நூறு பவுண்தான் வித்தியாசம் என்றால் இடையில் கார் இல்லாமல் நிற்கிற அலைச்சலுக்கு அது காணாது.

ஃபேபியாவுக்குச் செலவழிப்பதில் கவனம். கண்ணாடிச் சில்லு உடைவை அடைப்பதும், உள்ளே வெளியே நன்றாகக் கழுவுவதும், இரண்டாவது திறப்பைத் தேடி எடுப்பதும், சர்வீஸ் பதிவை அச்செடுப்பதும் பலன் தரும். அலோய் சக்கரத்துக்கு மெருகு, பம்பருக்குப் பெயின்ற், புது ரயர் போட்ட காசு திரும்பி வராது. டீலருக்கு அதே வேலை உங்களை விட மலிவாக நடக்கும். எம்ஓடி ஒரு மாதத்துக்குள் முடிகிறது என்றால் மட்டும் முதலே செய்யுங்கள்.

வீதி வரி: உங்கள் கார் 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானது, அதனால் இப்போதே சீரான தொகைதான் கட்டுகிறீர்கள். 2025-26 வரி ஆண்டில் அது £195. டூரானோ ஆக்டேவியாவோ அதே காலத்தது என்றால் வரி மாறாது. மாட்டிக்கொள்கிற இடம் எங்கே என்றால், புதிதாக விற்றபோது விலைப்பட்டியலில் கூடுதல் பொருட்களோடு £40,000 தாண்டிய காருக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை மேலதிக வரி உண்டு. 2025-26-இல் அது £425, சீரான தொகைக்கு மேலே. நீங்கள் பழைய காராக என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது கணக்கில்லை. நன்றாக அலங்கரித்த 272 குதிரைச் சூப்பர்ப், ஏழு சீற் ஸ்கோடா கொடியாக் போன்றவற்றில் இந்த வரி விழலாம். வாங்க முதல் அரசாங்கத் தளத்தில் பதிவிலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

யூலெஸ் என்ற புகைக் கட்டண வலயம் 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரசபைகள் எல்லாவற்றிலும் உண்டு. புகைத்தரம் பெற்றோலுக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6 இருந்தால் கட்டணம் இல்லை. மலிவு என்று பழைய உருவ டூரான் டீசல் பார்த்துவிடாதீர்கள். அது யூரோ 5 அல்லது அதற்கும் கீழே, ஓடுகிற ஒவ்வொரு நாளும் £12.50.

ஹரோவாசி:

எல்லாருக்கும் நன்றி. நடுவில யார் இருக்கிறது எண்டதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வழியை அளந்தம், மிக ஒடுங்கின இடம் 2.25 மீற்றர். அம்மா சுகமா எழும்புற கதிரை 52 சென்ரிமீட்டர். பெரியவனுக்கு 131 உயரம். ஹைபிரிட் நல்ல யோசனை, ஆனால் அஞ்சு பேர் எண்டபடியால் டூரான் பக்கம் மனம் போகுது. ஸ்பானர் அண்ணா, 1.4-ஆ 1.5-ஆ? டிஎஸ்ஜி எண்டால் பயப்பிடோணுமா? பார்க்கப் போகேக்க என்ன என்ன பார்க்கோணும்?

ஸ்பானர்:

1.4 டிஎஸ்ஐ 150-உம் 1.5 டிஎஸ்ஐ 150-உம் ஒரே குடும்பம், இரண்டிலும் ரைமிங் பெல்ற், முறுக்குவிசை 250. பழைய 1.4-இன் செயின் சிக்கல் பற்றிப் படித்திருந்தால் அது 2015-க்கு முந்தின டூரானில் வந்த சூப்பர்சார்ஜர் சேர்ந்த 1.4. அந்தக் காரைத் தொடவேண்டாம், புது உருவத்தில் அது இல்லை.

1.5-க்கு ஒரு தனிக் குறை உண்டு. 2018, 2019 கார்களில், குறிப்பாக மனுவலில், எஞ்சின் குளிராக இருக்கும்போது முதல் கியரில் எடுத்தால் கங்காரு போல விட்டு விட்டுப் பாயும். மென்பொருள் மாற்றத்தால் திருத்தினார்கள். அதனால் காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். குளிர் எஞ்சினோடு முதல், இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்து ஐந்து நிமிடம் ஓடுங்கள். பாய்ந்தால் மென்பொருள் போட்டார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2018 கடைசியிலிருந்து பெற்றோலுக்கும் புகைவடிகட்டி வந்தது. பெற்றோல் வெளியேற்றும் காற்று இயல்பாகவே கூடச் சூடு, கரியும் குறைவு, அதனால் டீசலின் தொல்லை அதில் இல்லை.

டிஎஸ்ஜி: இந்தப் பெற்றோல் எஞ்சினோடு வருவது ஏழு கியர் உலர்கிளட்ச், டிகியூ200 என்பார்கள். 250 நியூட்டன் மீட்டர் அதன் தாங்கும் எல்லை, இந்த எஞ்சின் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. நெரிசலில் அடி அடியாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி சூடாகித் தேயும். இன்னொன்று, கியரை மாற்றி இயக்கும் மெக்கற்றோனிக் பெட்டியில் அழுத்தத்தைச் சேமிக்கும் குடுவை அதன் இருப்பிடத்திலிருந்து வெடித்து விடுவது. அழுத்தம் போய், கியர் காட்டும் விளக்கு மின்னி, கார் நகராது. டீசலோடு வரும் ஈரக்கிளட்ச் பெட்டி வேறு, அதன் ஆறு கியர் வகைக்கு 40,000 மைலுக்கு ஒருமுறை ஒயிலும் வடிகட்டியும் மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் சூப்பர்பிலேயே நின்றிருந்து, அது ஆறு கியர் வகை என்றால், 61,000 மைலில் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் தினசரி ஓட்டம் நெரிசல்தான். வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் மனுவல் பழக்கம் என்றால் மனுவல் எடுங்கள். கிளட்ச் தேய்ந்தால் செலவு முன்கூட்டியே தெரியும். டிஎஸ்ஜிதான் என்றால் சோதனை இப்படி: தட்டையான இடத்தில் பிரேக்கை விட்டு வெறும் ஊர்தலில் போக விடுங்கள், நடுங்கக் கூடாது. முதலிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறக் கூடாது. சின்ன ஏற்றத்தில் ரிவேர்சில் மெதுவாக ஏற்றுங்கள், நடுக்கமோ எரிந்த மணமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு இதையெல்லாம் இன்னொரு முறை செய்ய வேண்டும். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் கெடுகிற பெட்டிகள்தான் கூட.

அடுத்தது தண்ணீர். டிக்கித் தரையைத் தூக்கி உதிரிச்சக்கரக் குழியைக் கையால் தடவுங்கள். முன்பக்கக் கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தை அழுத்துங்கள், மேலே காய்ந்திருக்கும், கீழே பஞ்சு ஊறியிருக்கும். பெரிய கண்ணாடிக் கூரை உள்ள காரில் அதன் நான்கு மூலை வடிகுழாய்கள் இலை தூசியால் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வரை போகும். கூரையைத் திறந்து மூலையில் சின்னக் கோப்பைத் தண்ணீர் விட்டுக் காரின் கீழே ஒழுகுகிறதா பாருங்கள்.

நடுவரிசைச் சீற் மூன்றையும் முன்பின் நகர்த்தி, மடித்து, திரும்ப நிமிர்த்துங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக் காரில் தண்டவாளத்துக்குள் பிஸ்கற் தூள் இறுகிக் கிடக்கும். ஏழு சீற் வகையில் பஞ்சர் மருந்துப் பெட்டி மட்டும் இருக்கலாம், உதிரிச்சக்கரம் உண்டா என்று கண்ணால் பாருங்கள். நான்கு ரயரும் ஒரே தரமா, ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கர நேர்ப்பாடு பிசகு, அல்லது கீழே ஏதோ அடிபட்டிருக்கிறது.

எம்ஓடி வரலாறு அரசாங்கத் தளத்தில் இலவசம். தேறியதா தவறியதா என்று மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு ஆண்டும் எழுதிய அறிவுரைக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரே குறிப்பு மூன்று ஆண்டு தொடர்ந்தால் அந்தச் சொந்தக்காரர் எதையும் திருத்தாமல் ஓடியவர். மைல் ஏறும் வேகத்தையும் பாருங்கள். ரைமிங் பெல்ற் இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், சட்டக இலக்கத்தைக் கொடுத்து ஃபோக்ஸ்வாகன் பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

அளவுகோல்:

2.25 மீற்றரில் டூரான் கண்ணாடிகளோடு போய்விடும், ஆனால் கதவைத் திறந்து அம்மாவை இறக்க அந்த இடம் காணாது. வீட்டு முன்னால் இறக்கிவிட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும். முன்சீற்றை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிக் கதவை முழுக்கத் திறந்து அம்மாவையே ஏறி இறங்கச் செய்து பாருங்கள். அவவைக் கூட்டிப் போகாமல் காசு கட்ட வேண்டாம். சீற்றைப் பின்னுக்குத் தள்ளினால் அதற்குப் பின்னால் இருக்கிற பிள்ளையின் கால் எங்கே போகிறது என்றும் அதே நேரம் பாருங்கள். சின்னவரை அந்தப் பக்கம் விடுங்கள்.

அம்மாவுக்கு புளூ பட்ஜ் என்ற மாற்றுத்திறனாளித் தரிப்பிட அட்டை கிடைத்தால் அது அவவின் பெயரில், காரின் பெயரில் இல்லை. கார் மாறினாலும் அதே அட்டைதான்.

பேரேடு:

கடன் பாக்கி, விபத்துப் பதிவு பார்க்கும் தனியார் சோதனைக்குக் காசு கொடுங்கள், இது தவறவிடக் கூடாத செலவு. மோசமாக அடிபட்ட காருக்கு இன்சூரன்ஸ்காரர் இடும் வகைகளில் 2017 ஒக்ரோபர் முதல் வந்தவை இரண்டு: எஸ் என்றால் சட்டகத்தில் அடி, என் என்றால் சட்டகம் அல்லாத சேதம். திருத்தினால் இரண்டும் சட்டப்படி ஓடலாம், ஆனால் நாளைக்கு நீங்கள் இதைக் கொடுத்து மாற்றும்போது அந்தக் கழிவு உங்கள் தலையில் விழும்.

முற்பணம் £200 என்றாலும் கிரெடிற் காட்டில் கட்டுங்கள், டெபிற் காட்டில் வேண்டாம். £100-க்கு மேல் £30,000 வரை விலையுள்ள பொருளில் ஒரு பகுதியை அப்படிக் கட்டினாலே நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்ட் நிறுவனமும் முழு விலைக்கும் பொறுப்பு. டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் பழுதான காரைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது டீலரின் வேலை. தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விலைப்பட்டியலில் ஃபேபியாவின் தொகை தனி வரியாக இருக்கட்டும். மிச்சத்தை மட்டும் எழுதி வாங்கி வந்து, பிறகு திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் உங்கள் கார் என்ன மதிப்பில் போனது என்று காட்டத் தாள் இராது.

இன்சூரன்சுக்கு முற்பணம் கட்ட முதலே பதிவிலக்கத்தைக் கொடுத்து விலை கேளுங்கள். இடையில் கார் மாற்றினால் மேலதிகத் தொகையோடு மாற்றுக் கட்டணமும் போடுவார்கள். புதுப்பிக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் எது இலாபம் என்று கணக்குப் பாருங்கள்.

எடுக்கிற நாளில்: ஃபேபியாவின் வி5சி என்ற பதிவுப் பத்திரத்தை டீலரிடம் கொடுக்கும்போது, வாகன வியாபாரிக்கு விற்றேன் என்று டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) தளத்தில் அதிலுள்ள 11 இலக்கத்தைப் போட்டு நீங்களே அறிவியுங்கள். டீலர் செய்வார் என்று விட்டுவிட்டால், தாமதமாகிற நாட்களின் கமரா அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும். வரி காரோடு போகாது. முழு மாதங்களுக்கான மிச்சம் தானாகத் திரும்பி வரும். புதுக் காரை, அதன் வி5சி-யிலிருந்து டீலர் கிழித்துத் தரும் பச்சைத் துண்டிலுள்ள 12 இலக்கத்தால் அங்கேயே கைபேசியில் வரி கட்டிவிட்டுத்தான் வீதியில் இறக்க வேண்டும். மாதக் கடைசியில் எடுத்தால் ஒரே மாதத்துக்கு இரண்டு காருக்கும் கட்டின மாதிரி ஆகும், முதலாம் இரண்டாம் தேதியில் எடுத்தாலும் பழைய காரின் அந்த மாதம் போய்விடும். முடிந்தால் பழையதை மாதக் கடைசி நாளில் கொடுத்து, புதியதை முதலாம் தேதி எடுங்கள்.

ஃபேபியாவின் கூரைக் கம்பிகள் டூரானுக்குப் பொருந்தாது. அதைக் காரோடு விட்டால் சல்லியும் கிடைக்காது, தனியாக விற்றுவிடுங்கள். காரின் திரையில் உள்ள வீட்டு முகவரி, கைபேசித் தொடர்புகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். லண்டன் போக்குவரத்துத் தானியங்கிக் கட்டணக் கணக்கிலும் டார்ட்ஃபோர்ட் கடவைக் கட்டணக் கணக்கிலும் பழைய இலக்கத்தை நீக்கிப் புதியதைச் சேருங்கள், இரண்டும் தனித்தனிக் கணக்கு. 2025 ஏப்ரல் 7 முதல் பிளாக்வோல், சில்வர்ரவுன் சுரங்கங்களுக்கும் கட்டணம் உண்டு, அது போக்குவரத்துக் கணக்கில் வரும். பள்ளிக்கூட வீதித் தடை உள்ள இடத்தில் விலக்கு அனுமதி வைத்திருந்தால் அதுவும் இலக்கத்தோடு கட்டியது, மாநகரசபைக்கு அன்றைக்கே எழுதுங்கள்.